பெரும்பனிக்குப் பிறகு பின்முற்றம்: எதை முதலில் தொடுவது, எதைத் தொடாமல் விடுவது?

கறிவேப்பிலை (ஹாரிஸ்மித்):

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஹாரிஸ்மித் தென்னாப்பிரிக்காவின் மேட்டு ஊர், செப்டம்பர் இங்கே வசந்தம். வெள்ளிக்கிழமை ராத்திரி தொடங்கிய பனி, புரட்டாசி முதல் சனிக்கிழமை முழுக்கக் கொட்டித் தீர்த்துவிட்டது. விளக்கேற்றப் பின்கதவைத் திறந்தால் படியே தெரியவில்லை. என் வீட்டுக்காரர் டர்பனிலிருந்து வரும் வழியில் என்-3 நெடுஞ்சாலை அடைபட்டு, வேன் ரீனன் கணவாய்ப் பக்கம் லாரிகளுக்கு நடுவே காரிலேயே ராத்திரியைக் கழித்தார். நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டார், அது போதும்.

இப்போது முற்றத்தின் நிலைமை. கார்போர்ட்டின் (கார் நிறுத்தும் பந்தல்) ஷேட்நெட், அதாவது நிழல்வலை, பனியோடு தொட்டில் மாதிரி தொங்குகிறது. ஒரு பக்கக் கம்பம் உள்ளே சாய்ந்திருக்கிறது. வெண்டி ஹவுஸின் (மரப்பலகைச் சிறு ஷெட்) கதவு திறக்க மாட்டேன் என்கிறது. லாப்பாவின் (சுவரில்லாத புல்கூரைப் பந்தல்) கூரை மேலே பாதி வெள்ளை, பாதி ஈரம். முருங்கை கவட்டையில் பிளந்துவிட்டது. பீச் மரம் போன வாரம்தான் பூத்தது. என் கறிவேப்பிலை, மாமியார் கடற்கரை ஊரான டோங்காட்டிலிருந்து கன்றாகக் கொண்டுவந்து வைத்தது, இலையெல்லாம் கறுத்து நிற்கிறது.

சிலர் எல்லாவற்றையும் உடனே வெட்டிச் சுத்தம் பண்ணச் சொல்கிறார்கள், சிலர் எதையும் தொடாதே என்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். எதிலிருந்து ஆரம்பிப்பது?

கூரைவேலை (லேடிஸ்மித்):

அக்கா, முதலில் அந்தக் கார்போர்ட்டின் கீழே யாரும் போகக் கூடாது. கார் உள்ளே நின்றால் நிற்கட்டும், எடுக்கப் போகாதீர்கள். பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.

காரணம் எடை. குளிரில் விழும் உலர்ந்த புதுப்பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோதான் இருக்கும். நமக்குச் செப்டம்பரில் விழுவது ஈரப்பனி. அது படிந்து இறுகினால் 200, 300 கிலோ வரை போகும். ஆறுக்கு ஐந்து மீட்டர் கார்போர்ட்டில் 30 சென்டிமீட்டர் ஈரப்பனி என்று வைத்துக் கணக்குப் போடுங்கள், இரண்டு டன்னைக்கூடத் தாண்டலாம். அந்தக் கம்பங்களின் தலையில் ஒரு பக்கியையே (பிக்கப் வண்டி) தூக்கி வைத்த மாதிரி. ஷேட்நெட் வெயிலுக்கும் ஆலங்கட்டிக்கும் கட்டுவது. பனி அதன் ஓட்டை வழியே விழும் என்று பலர் நினைக்கிறார்கள். ஈரப்பனி விழாது, ஒட்டிக்கொண்டு மேலே மேலே சேரும்.

இன்னொன்று: பனி நின்றதும் ஆபத்து போய்விடாது. மேலே மழை பெய்தால் பனி அந்தத் தண்ணீரையும் உறிஞ்சி இன்னும் கனக்கும். பகலில் உருகி ராத்திரியில் மறுபடி உறைந்தால் கட்டியாகி ஒரே பக்கமாகச் சரியும். நான் பார்த்தவரை கார்போர்ட்டுகள் பனி கொட்டும்போது விழுவதைவிட, வெயில் வந்தபின் விழுவதுதான் அதிகம்.

வலையை இறக்க ஒரு வழி உண்டு. சாயாத பக்கத்தில், வெளியே நின்றபடி, நீளக் கம்பின் முனையில் கத்தியைக் கட்டி, விளிம்பில் வலையைப் பிடித்திருக்கும் கேபிள் டைகளை (பிளாஸ்டிக் கட்டு) ஒவ்வொன்றாக அறுங்கள். பனி அந்தப் பக்கம் வழிந்து இறங்கிவிடும். வலை போனால் போகட்டும், சட்டம் மிஞ்சும். உள்ளே நின்று கம்பால் மேலே குத்துவது மட்டும் கூடவே கூடாது. கம்பம் இன்னும் சாய்ந்துகொண்டே வருகிறது என்றால் இதையும் செய்யாதீர்கள், உருகும்வரை விட்டுவிடுங்கள்.

வெண்டி ஹவுஸ் கதவு இறுகியது நல்ல அறிகுறி இல்லை. கூரை அழுத்தி நிலைச்சட்டம் வளைந்திருக்கிறது என்று அர்த்தம். கதவைத் தோளால் இடித்துத் திறக்காதீர்கள். தரையில் நின்றபடி நீளத் துடைப்பத்தால் கூரைப் பனியை இறக்குங்கள், இரண்டு பக்கமும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு பக்கத்தை முழுக்கக் காலி பண்ணிவிட்டு மறுபக்கம் போனால் எடை ஒருபுறமாகி உட்கார்ந்துவிடும். தகடு வரை சுரண்டவும் வேண்டாம், நான்கு விரல் அளவு பனியை அப்படியே விட்டுவிடுங்கள். எடை இறங்கினால் கதவு தானாக விடும்.

கையை வைப்பதற்கு முன் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், காப்பீட்டுக்குத் தேவைப்படும். பாலிசியில் ஷேட்நெட் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். பல பாலிசிகளில் அதற்குத் தனி வரி இருக்கும்.

நியூகாசில்காரன்:

எங்கள் வீட்டில் சோலார் பேனல் மேல் பனி. வெந்நீர் ஊற்றினால் சட்டென்று இறங்கிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். நடைபாதைக்குக் கல்லுப்பு போடலாமா? குளிர்நாடுகளில் அப்படித்தானே செய்கிறார்கள்?

கூரைவேலை (லேடிஸ்மித்):

இரண்டும் வேண்டாம் தம்பி. உறைந்த கண்ணாடியில் வெந்நீர் பட்டால் விரிசல் விடும். பேனல் கறுப்பு, சாய்வாகவும் இருக்கும். ஒரு மூலை தெரிந்ததும் வெயில் பட்டுத் தானே வழுக்கி இறங்கிவிடும். அது இறங்கும் இடத்தில் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், மொத்தமாக விழும். பழைய சோலார் கீசர் கூரையில் இருந்தால் குழாய் வெடித்திருக்கிறதா என்று பனி உருகும்போது கவனியுங்கள்.

உப்பு ஊர்ச் சாலைக்கு வேண்டுமானால் சரி. வீட்டு முற்றத்தில் போட்டால் அது உருகிய தண்ணீரோடு பாத்திக்குள்தான் போகும், வேரைக் கெடுக்கும். சிமென்ட் பொரிந்துபோகும், கால்வனைஸ்டு கம்பம் துருப்பிடிக்கும். ஆற்று மணலோ சலித்த சாம்பலோ தூவுங்கள். வழுக்காமல் இருக்க அதுவே போதும்.

மின்வேலி இருப்பவர்கள் கிளையை எடுக்கும் முன் வேலிக்கு மின்சாரம் கொடுக்கும் எனர்ஜைசரை அணைத்துவிடுங்கள். தெருவிலிருந்து வரும் மின்கம்பி அறுந்து கிடந்தால் கரண்ட் இல்லை என்று நினைத்துக் கிட்டே போகவே கூடாது. எப்போது திரும்பி வரும் என்று யாருக்கும் தெரியாது.

நாற்றங்கால் (நாட்டிங்ஹாம் ரோடு):

செடி, மரம் பற்றி நான் சொல்கிறேன்.

இந்தப் பனி ஏன் இவ்வளவு மரத்தை முறித்தது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். இங்கே குளிர்காலமான ஜூலையில் விழும் பனியில் இலையுதிர்த்த மரம் வெறுங்கம்பாக நிற்கும், பனி தங்க இடமில்லை. செப்டம்பர் கடைசியில் தளிரும் பூவும் வந்துவிட்டன. ஒவ்வொரு இலையும் ஒரு கைப்பிடி பனியைத் தாங்குகிறது. அதனால்தான் இலையுதிர்க்காத மரங்களும், புதிதாகத் துளிர்த்தவையும் அதிகம் அடிவாங்கியிருக்கின்றன.

வளைந்து கிடக்கும் கிளைகளைப் பிடித்து உலுக்காதீர்கள். உறைந்த கிளை கண்ணாடிபோல் ஒடியும். துடைப்பத்தைக் கிளைக்குக் கீழே கொடுத்து மெல்ல மேல்நோக்கித் தூக்கிவிடுங்கள், பனி தானாகச் சரியும். கீழ்க்கிளைகளிலிருந்து தொடங்கி மேலே போங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் அந்தப் பனியும் சேர்ந்து கீழ்க்கிளை மேல் விழும். கட்டியாக உறைந்துவிட்டதென்றால் தொடவே வேண்டாம், வெயில் பார்த்துக்கொள்ளும். வளைந்த கிளை பெரும்பாலும் சில வாரத்தில் நிமிர்ந்துவிடும், கயிறு போட்டு இழுத்துக் கட்ட வேண்டியதில்லை.

முறிந்து தொங்குவதை மட்டும் வெட்டுங்கள். கனமான கிளையை ஒரே வெட்டில் அறுத்தால் அது விழும்போது அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். முதலில் தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, கீழ்ப்பக்கமாக மூன்றில் ஒரு பங்கு ஆழம் அறுங்கள். அப்புறம் அதைவிடச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை விழுந்துவிடும். மிச்சமிருக்கும் மொட்டையைக் கடைசியாக எடுங்கள். கிளை தண்டோடு சேரும் இடத்தில் சுருக்கம் விழுந்த தடிப்பு ஒன்று தெரியும், அந்தத் தடிப்பை விட்டுவிட்டு அதற்கு வெளியே அறுக்க வேண்டும். காயத்தை மூடி வளரும் பட்டை அங்கிருந்துதான் வரும். பெயின்ட், தார் எதுவும் பூச வேண்டாம், ஈரத்தை உள்ளே அடைத்து அழுகலைத்தான் வளர்க்கும். ஏணியில் ஏறிச் செயின்சா பிடிப்பதை அதற்கென்று இருப்பவர்களிடம் விடுங்கள்.

முருங்கைக்கு இதெல்லாம் தேவையில்லை. பிளவுக்குக் கீழே ஒரே சாய்வு வெட்டு, அடியில் காய்ந்த புல்லைத் தடிமனாகப் போடுங்கள். வேர் உறையாமல் இருந்தால் நவம்பரில் அடியிலிருந்து வெடித்துக் கிளம்பும்.

பீச் பூவை ஒரு பத்துப் பதினைந்து பறித்து, பிளேடால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் இருக்கும் சின்னக் காய்முனை பச்சையாக இருந்தால் பிழைத்தது, கறுத்திருந்தால் போனது. முழுப் பூவாக இருக்கும்போது மைனஸ் 3 டிகிரியை நெருங்கினாலே கருக ஆரம்பிக்கும், மைனஸ் 4.5 ஆனால் அநேகமாக எல்லாம் போய்விடும். பூ போனாலும் மரம் போகவில்லை. இந்த வருடம் காய் இல்லை, அவ்வளவுதான்.

பாத்தியில் கிடக்கும் பனியை வாரி எடுக்காதீர்கள். அது செடிக்குப் போர்வை. மேலே மைனஸ் 8 இருந்தாலும் பனிக்கு அடியில் மண் பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும். முட்டைக்கோஸ், கீரை, வெந்தயம், கொத்தமல்லி எல்லாம் அதன் கீழே உயிரோடு இருக்கும். பனி உருகி வானம் தெளிந்தபின் வரும் ராத்திரிகளில்தான் கவனம் வேண்டும், அப்போது போர்வையும் இல்லை, மேகமும் இல்லை. பழைய படுக்கைவிரிப்பைச் சாயங்காலமே குச்சிகள்மேல் விரித்து, காலையில் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் ஷீட் இலையைத் தொட்டால் தொட்ட இடம் கருகும்.

கிக்கூயு புல்லைப் பற்றிக் கவலையே வேண்டாம், உறைந்திருக்கும்போது மிதிக்காமல் இருந்தால் போதும்.

கறிவேப்பிலை (ஹாரிஸ்மித்):

ரொம்ப நன்றி அண்ணா. கேபிள் டை அறுத்தாயிற்று, பனி ஒரே சரிவாக வெளியே இறங்கியது, கம்பம் நின்றுகொண்டது. வெண்டி ஹவுஸ் கதவும் விட்டுவிட்டது.

ஆனால் கறிவேப்பிலை? அதுதான் எனக்கு முக்கியம். மாமியார் போனில் கறுத்ததை எல்லாம் இப்போதே வெட்டு, இல்லாவிட்டால் அடிவரை இறங்கிவிடும் என்கிறார்கள். அவர்கள் சொல்லை எப்போதும் தட்டியதில்லை.

மாரிட்ஸ்பர்க் ஆயா:

உங்கள் மாமியார் சொல்வது டோங்காட்டுக்குச் சரி அம்மா. கடற்கரைப் பக்கம் உறைபனியே கிடையாது, அங்கே இலை கறுத்தால் அது நோய், வெட்டத்தான் வேண்டும். உங்கள் ஊர் 1600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அக்டோபரிலும் ஒரு ராத்திரி உறைபனி அடிக்கலாம். இப்போது வெட்டினால் மரம் உடனே துளிர்விடும், அந்தத் தளிரை அடுத்த உறைபனி தின்னும். மரம் சேர்த்து வைத்த பலத்தை எல்லாம் அந்தத் தளிருக்கே செலவழித்திருக்கும், மறுபடி தளிர்விட ஒன்றும் இராது. கறுத்த இலை பார்க்க நன்றாக இல்லைதான். ஆனால் உள்ளே இருக்கும் கணுவுக்கு அதுதான் இப்போது மறைப்பு.

இங்கே மேட்டுப் பகுதியில் எங்கள் தெருவுக்கே குழம்புக்கு இலை தரும் மரம் ஒன்று என் முற்றத்தில் நிற்கிறது. அதற்கும் உறைபனி அடித்திருக்கிறது. நான் பார்க்கும் விதத்தைச் சொல்கிறேன்: கட்டைவிரல் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். கீழே பச்சை ஈரம் தெரிந்தால் அந்த இடம் உயிர். பழுப்பாக, காய்ந்த தீக்குச்சி மாதிரி இருந்தால் செத்தது. நுனியிலிருந்து கீழே கீழே சுரண்டிக்கொண்டே வாருங்கள், எங்கே பச்சை தொடங்குகிறதோ அங்கே ஒரு நூலைக் கட்டி வையுங்கள். அக்டோபர் கடைசியில் துளிர் தெரிந்தபின், அந்தத் துளிருக்கு மேலே வெட்டுங்கள். மேலே எல்லாம் போனாலும் அடியிலிருந்து பக்கக்கன்று வரும், அது இதன் குணம்.

அதுவரை உரம் எதுவும் போடாதீர்கள், மாட்டுச்சாணம்கூட வேண்டாம். தண்ணீரும் குறைவாக. இலையில்லாத மரம் தண்ணீர் குடிக்காது, வேர்தான் அழுகும்.

துளசி போய்விட்டிருக்கும். துளசி உறைபனியைத் தாங்காது, அடியிலிருந்தும் வராது. காய்ந்த பூக்கதிரைக் கசக்கி விதையை எடுத்து ஜன்னலோரம் தொட்டியில் போடுங்கள், நவராத்திரிக்கு முளை தெரியும். முற்றத்துச் சாமி மாடத்தின் விரிசல்களையும் பாருங்கள். தண்ணீர் உள்ளே போய் உறைந்து பருத்துச் சிமென்டைப் பிளக்கும். நன்றாகக் காய்ந்தபின் அடைத்துவிடுங்கள்.

மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். வெட்டத்தான் போகிறோம், இந்த மாதம் இல்லை, அவ்வளவுதான்.

புதுக்குடி (பெத்லஹேம்):

நான் மதுரையிலிருந்து இந்த ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்துப் பெத்லஹேமுக்கு வேலைக்காக வந்தவன். வாடகை வீடு. பின்னால் இருக்கும் பழைய ஷெட்டின் கூரை சாம்பல் நிற அலைத்தகடு, பனியில் ஒரு தகடு உடைந்து கீழே கிடக்கிறது. பெருக்கி அள்ளிக் குப்பையில் போடலாமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். இந்த மாகாணத்தில் பனிக்காலத்தைப் பற்றித் தமிழில் கேட்க எனக்குப் பெரியவர்களே கிடைக்கவில்லை. டர்பன்காரர்களுக்குப் பனி தெரியாது. ஏன் இங்கே நம் குடும்பங்கள் இவ்வளவு குறைவு?

கூரைவேலை (லேடிஸ்மித்):

தம்பி, அந்தத் தகட்டைத் தொடாதீர்கள், பெருக்கவும் வேண்டாம். பழைய சாம்பல் நிற அலைத்தகடு என்றால் ஆஸ்பெஸ்டாஸ் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நாட்டில் 2008-இல் தடை செய்தார்கள், அதற்கு முன் கட்டிய ஷெட்டுகளில் நிறைய இருக்கிறது. உடைந்த விளிம்பிலிருந்து வரும் தூசிதான் நுரையீரலுக்கு எமன். தண்ணீரை மெல்லத் தெளித்து நனைத்து, மேலே கனமான பிளாஸ்டிக்கைப் போட்டு மூடி, வீட்டு உரிமையாளரிடம் சொல்லி அதற்குப் பதிவு பெற்ற ஆட்களை வரச் சொல்லுங்கள். அந்தக் கூரைமேல் ஏறவோ பிரஷர் வாஷர் அடிக்கவோ கூடாது. நனைந்து உறைந்த தகடு கால் வைத்தால் பொத்துக்கொள்ளும்.

இரண்டாவது கேள்விக்கு விடை வருத்தமானது. ஃப்ரீ ஸ்டேட்டில் இந்தியர்கள் குடியிருக்கவே கூடாது என்று 1891-இல் சட்டம் போட்டார்கள், அது நீங்கியது 1986-இல். எங்கள் தாத்தா காலத்தில் லேடிஸ்மித் வரை நம் ஆட்கள் இருந்தார்கள், மலைக்கு அந்தப்பக்கம் கடந்து போகலாம், தங்க முடியாது. அதனால்தான் மேட்டு ஊர்களில் பாட்டி சொன்ன பக்குவம் என்று நமக்கு எதுவும் இல்லை. நேட்டாலின் நியூகாசில், டண்டீ நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்த குடும்பங்களுக்குத்தான் கொஞ்சம் குளிர் தெரியும். இப்போது அங்கே குடியேறுபவர்கள் ஒருவருக்கொருவர் கேட்டு எழுதி வைத்தால்தான் உண்டு. அதற்காகத்தான் நானும் இவ்வளவு எழுதுகிறேன்.

லாப்பா பற்றி: புல்கூரையை அடிக்கவோ வாரவோ வேண்டாம். சரியாகக் கட்டியிருந்தால் 45 டிகிரி சரிவு இருக்கும், பனி அதிகம் தங்காது. உருகி முடிந்ததும் உள்ளே நின்று மேலே பாருங்கள், எங்காவது புல் கறுத்து ஈரமாக இருந்தால் உச்சி முகட்டுச் சிமென்டில் விரிசல் இருக்கும். ஹெரிடேஜ் டேக்கு (செப்டம்பர் 24 விடுமுறை) அதற்குள் லாப்பாவில் பிராய், அதாவது இறைச்சி சுடும் அடுப்பு, மூட்டலாமா என்று அக்கா கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: புரட்டாசியில் உங்கள் வீட்டில் மூட்ட மாட்டீர்கள், மற்றவர்கள் கூரையைப் பார்த்தபின் மூட்டுங்கள்.

வெண்டி ஹவுஸின் சுவரோரம் வாரிய பனியைக் குவித்திருந்தால் தள்ளிப் போடுங்கள். அடிச்சட்டம் ஊறி அழுகும். தண்ணீர் அஸ்திவாரத்திலிருந்து விலகி ஓட மண்வெட்டியால் ஒரு சின்ன வாய்க்கால் இழுத்துவிடுங்கள், அந்தப் பக்கக் களிமண் ஊறினால் உப்பிச் சுவரைத் தூக்கும். மரத்துக்கு எண்ணெயோ வார்னிஷோ பூசுவதெல்லாம் பலகை முழுக்கக் காய்ந்தபின்தான். ஈரத்தின் மேல் பூசினால் ஈரம் உள்ளேயே நிற்கும்.

நியூகாசில்காரன்:

புதிதாகக் கார்போர்ட் போடுபவர்கள் என்ன போடுவது? மறுபடி ஷேட்நெட்டே போடலாமா?

கூரைவேலை (லேடிஸ்மித்):

நியூகாசிலில் போடலாம், ஆனால் கொக்கியில் மாட்டிக் கழற்றுகிற மாதிரி போடுங்கள். பனி வரும் என்று வானிலை எச்சரிக்கை வந்த அன்றே கழற்றிச் சுருட்டி வைத்துவிடலாம். ஹாரிஸ்மித், அண்டர்பர்க், வேன் ரீனன் பக்கம் என்றால் ஐபிஆர் தகடு (மடிப்பு வைத்த இரும்புக் கூரைத்தகடு), நல்ல சரிவு, குறுக்குச் சட்டங்களை நெருக்கமாக, கம்பத்துக்கு ஆழமான கான்கிரீட். வீட்டுக் கூரையிலிருந்து சரியும் பனி நேராகக் கார்போர்ட்மேல் விழாத இடமாகவும் பாருங்கள். 2012 ஆகஸ்டில் ஒன்பது மாகாணத்திலும் பனி விழுந்தது, 2023-இல் ஜோஹன்னஸ்பர்க்கில் விழுந்தது, இப்போது இது. அடிக்கடி வராது என்பதால் மலிவாகக் கட்டுகிறோம், வரும்போது மொத்தமாகப் போகிறது.

கறிவேப்பிலை (ஹாரிஸ்மித்):

நகத்தால் சுரண்டிப் பார்த்தேன் ஆயா. நுனியெல்லாம் பழுப்பு, என் இடுப்பு உயரத்தில் பச்சை தொடங்குகிறது! சிவப்பு நூல் கட்டிவிட்டேன், மாமியாருக்கும் படம் அனுப்பினேன். சரி, அக்டோபர் வரை விடு என்று சொல்லிவிட்டார்கள்.

கடைசியாக ஒன்று. ஜோஜோ டேங்கிலிருந்து (வெளியே வைத்த பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) தோட்டக் குழாய்க்கு வரும் தண்ணீர் நின்றுவிட்டது. டேங்க் நிறைய இருக்கிறது.

கூரைவேலை (லேடிஸ்மித்):

குழாய் உறைந்திருக்கிறது அக்கா. முதலில் தண்ணீர் பிடிக்கும் முனையைத் திறந்து வையுங்கள். துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துத் திறந்த முனையிலிருந்து தொடங்கி டேங்கை நோக்கிச் சுற்றிக்கொண்டே போங்கள். உருகும் தண்ணீருக்கு வெளியே வர வழி இருக்க வேண்டும், அதனால்தான் அந்தத் திசை. நெருப்பு காட்டாதீர்கள். தண்ணீர் வந்ததும் டேங்க் அடியில் இருக்கும் வால்வுக்குப் பக்கத்திலேயே இருங்கள், உறைந்தபோது விட்ட விரிசல் உருகும்போதுதான் பீய்ச்சும்.

விரிசல் இருந்தால் விறைப்பான பிவிசிக்குப் பதில் கறுப்பு பாலிதீன் குழாய் போடுங்கள், உறைந்தால் கொஞ்சம் விரிந்து கொடுக்கும். அதன்மேல் நுரை உறை மாட்டி, மே மாதத்திலிருந்து ராத்திரிகளில் வால்வை மூடித் தோட்டக் குழாயைக் காலி பண்ணி விடுங்கள். ஹோஸ் பைப்பைக் குழாயிலிருந்து கழற்றி வைக்கவும் மறக்காதீர்கள், அதற்குள் நிற்கும் தண்ணீர் உறைந்துதான் பித்தளைக் குழாய் பிளக்கிறது.